சென்னம்மாளின் செத்த பாம்பு

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு இருந்தது ஒரே ஒரு குழாய். அந்தக் குழாயடியில் சென்னம்மாள் சொன்ன பொய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் சேர்வராயன் மலை இன்னும் ஒரு முழம் ஏறியிருக்கும். நான் மரியசெல்வி, அவளுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவள். அவள் பொய்யை நம்பி எத்தனை காலை வெறுங்குடத்தோடு திரும்பியிருக்கிறேன் என்பது என் இடுப்புக்குத் தெரியும். ஆனாலும் அவளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்தத் திருவிழா நாளைத்தான் சொல்வது.

அவளுடைய பெரிய ஆயுதம் செத்த பாம்பு. கோடையில் ஊற்று வற்றி, குழாயில் நூல்போலத் தண்ணீர் வரும் நாட்களில் வரிசை நீளமாக நிற்கும். சென்னம்மாள் மேட்டிலிருந்து மூச்சு வாங்க ஓடிவருவாள்.

"ஐயோ, யாரும் புடிக்காதீங்க! மேல தொட்டியில செத்த பாம்பு கெடக்குது! பாக்கியநாதன் குச்சியில தூக்கிப் போடறான், இந்தக் கண்ணால பாத்தேன்!"

பாக்கியநாதன்தான் எஸ்டேட்டில் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள். அவன் பெயரையும் சேர்த்துச் சொன்னால் யார்தான் நம்பாமல் இருப்பது? பிடித்த தண்ணீரையும் கொட்டிவிட்டு ஓடை வரைக்கும் நடப்போம். திரும்பி வரும்போது அவள் வீட்டுக் குடங்கள் வாசலில் தளும்பிக்கொண்டு நிற்கும். "அட, பாம்பில்லீங்களாம், வேராமா" என்பாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவள் அப்படித்தான் பிழைத்தாள்.

பல தடவை ஏமாந்த பிறகு நாங்கள் முழித்துக்கொண்டோம். அதற்கப்புறம் அவள் கத்தினால் சிரிப்புத்தான். ஆனால் ராசம்மாள் சிரிக்கமாட்டாள். ராசம்மாள் சென்னம்மாளுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். நாங்கள் முழித்துக்கொள்வதற்கு முன்பு, அவள் மகன் கல்யாணத்தன்று காலை சென்னம்மாள் இதே பாம்பைக் கொண்டுவந்து போட்டாள். விருந்துச் சோற்றுக்கு வைத்திருந்த தண்ணீரை ராசம்மாள் அண்டாவோடு கவிழ்த்தாள். பந்தி பொழுது சாய்கிற நேரத்துக்குப் போய்விட்டது. சம்பந்தி வீட்டார் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு அறுந்தது. சண்டை மட்டும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னம்மாள் வெற்றிலை போடுகிற மாதிரிப் பொய் சொல்லுவாள், ஆனால் சத்தியம் பண்ணமாட்டாள். "எங்கே, சேர்வராயன் மேல சத்தியமாச் சொல்லு பாக்கலாம்" என்று யாராவது மடக்கினால், "அட போடி, பாம்புக்கெல்லாமா சாமியைக் கூப்புடறது" என்று குடத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவாள். எங்கள் மலையில் அந்தப் பெயரில் பொய்ச் சத்தியம் பண்ணினவர்கள் கிடையாது. நான் வேதக்காரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். என்னாலும் அது முடியாது.

ஒரு வருஷம், காப்பிக் காட்டில் கிளை கழிக்கிற கவாத்து வேலையில் வழுக்கி விழுந்து சென்னம்மாளின் முழங்கால் கெட்டுப்போனது. புருஷன் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை கிடையாது. எஸ்டேட் கணக்கில் பெயர் இருந்தால்தான் லைனில் வீடு. பெயரை அடித்துவிட்டால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு சேலம் பஸ் ஏற வேண்டியதுதான். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அழுதுகொண்டு பங்களா வாசலில் போய் உட்கார்ந்தாள். முதலாளியின் சம்சாரம் தேவகுமாரி அம்மா இரக்கப்பட்டு, தன்னுடைய சட்டி மரங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

போன்சாய் என்று பெயர். பங்களாவின் பின்கட்டில், மரப்பலகை அடுக்குகளில், தாம்பாளம் போன்ற தட்டையான சட்டிகளில் நிற்கும். ஆலமரம் என்றால் ஆலமரமேதான், விழுதுகூட உண்டு, ஆனால் உயரம் ஒரு முழம். காய்த்துத் தொங்கும் ஆரஞ்சு மரம் இடுப்புவரைக்கும் வராது. கிளைகளில் கம்பி சுற்றி வளைத்திருப்பார்கள். வேரை அவ்வப்போது வெட்டிவிடுவார்கள். சென்னம்மாளுக்கு முதலில் ஒப்பவில்லை. "மரத்தைக் கட்டிப்போட்டு வளக்கறாங்க புள்ள, பாக்கவே நெஞ்சு அடைக்குது" என்று என்னிடம் சொன்னாள். ஒரு மாசத்தில் அதே மரங்களை "ஏஞ் சாமிங்களா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

சட்டியில் இருப்பது இரண்டு கை மண். தினமும் தண்ணீர் விட விட அதில் இருக்கும் சத்து கீழே ஒழுகிப் போய்விடும். அதனால் உரத்தைத் தண்ணீரில் கரைத்து, லேசாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். சென்னம்மாள் அதற்குக் கஞ்சி ஊத்துறது என்று பெயர் வைத்திருந்தாள். முதலில் பூவாளியில்தான் ஊற்றினாள். தூக்கித் தூக்கி முழங்கால் வீங்கியது. அதைப் பார்த்துவிட்டு அம்மாவே வெளிநாட்டில் இருக்கும் தன் தம்பி மூலம் ஒரு பித்தளைச் சாமானை வரவழைத்துக் கொடுத்தார்கள். குழாய்க்கும் ரப்பர் ஓஸுக்கும் நடுவில் அதை முடுக்க வேண்டும். அதன் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய டியூப் தொங்கும். டியூப்பின் நுனியைக் கெட்டியான உரக் கரைசல் இருக்கும் பக்கெட்டில் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்தால், ஓடுகிற தண்ணீர் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் கலந்துகொண்டு ஓஸ் வழியாக வரும். ஓஸின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.

"நடுவுல எங்கே போனாலும் டியூப்பைப் பக்கெட்டை விட்டு எடுத்துடணும், சென்னம்மா. மறந்துடாதே" என்று அம்மா சொல்லித்தான் கொடுத்தார்கள். அவளும் அப்படித்தான் செய்துவந்தாள்.

குழாய் வந்த வழியையும் இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. மேலே ஊற்றுத் தொட்டி. அங்கிருந்து ஒற்றை இரும்புக் குழாய் பங்களாப் பின்கட்டைத் தொட்டுக்கொண்டு கீழே எங்கள் லைனுக்கு இறங்கும். கீழே திறந்துவிட்டால் பங்களாவில் தண்ணீர் நின்றுவிடும். நிற்பது மட்டுமில்லை, அங்கே குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தால் உள்ளே இழுக்கும், கோடையில் இன்னும் பலமாக. அதனால் பங்களா வேலை முடிந்து, வெயில் ஏறிய பிறகுதான் பாக்கியநாதன் லைனுக்குத் திறப்பான். எங்களுக்கு அது பழகிப்போன அவமானம்.

எண்பத்தாறாம் வருஷம், மே மாதம், சேர்வராயன் கோயில் திருவிழா. லைனே விடியும் முன்பு எழுந்து, தலை குளிக்கத் தண்ணீருக்குக் காத்திருந்தது. பாக்கியநாதனின் மச்சினன் கோயில் பாதையில் பலூன் கடை போட்டிருந்தான். இவனும் கூடமாட நிற்கப் போக வேண்டும். அதனால் அன்றைக்கு மட்டும் நேரத்தோடு லைனுக்குத் திறந்துவிட்டு, வால்வுச் சாவியை மடியில் செருகிக்கொண்டு மலையேறிவிட்டான். எங்களிடம் சொன்னான். பங்களாவில் சொல்லவில்லை.

பங்களாவிலோ அன்றைக்கும் வேலை. கோடை விழா மலர்க் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்ததால், மரங்கள் பச்சையாக நிற்க வேண்டும் என்று கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாகவே கரைக்கச் சொல்லியிருந்தார்கள். சர்க்கரை மாதிரி வெள்ளை உரம், பாதிக்குமேல் யூரியா. கரைந்தால் நிறமும் இல்லை, வாசமும் இல்லை. சென்னம்மாள் முதல் பலகைக்கு ஊற்றி முடித்த நேரத்தில் அம்மா முன்வாசலிலிருந்து கூப்பிட்டார்கள், ஆரஞ்சு மரத்தைத் தூக்கி வைக்க ஒரு கை வேண்டும் என்று. எங்கள் எஸ்டேட்டில் ஓஸை நிறுத்துவதற்குக் குழாய்வரைக்கும் யாரும் நடக்கமாட்டோம். ஓஸை மடித்து, மடிப்பின்மேல் ஒரு கல்லை வைத்துவிடுவோம். எல்லோருக்கும் அதே பழக்கம். முழங்கால் வலிக்காரி வேறு என்ன செய்வாள்? மடித்தாள், கல்லை வைத்தாள், போனாள். டியூப் பக்கெட்டிலேயே கிடந்தது. பாக்கியநாதன் லைனுக்குத் திறந்தது அந்த நேரத்தில்தான்.

திரும்பி வந்தபோது பக்கெட் காலி. டியூப்பின் நுனி வெறும் அடியில் 'சுர்ர்' என்று காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஓஸ் தட்டையாகக் கிடந்தது. கல் வைத்த இடத்திலேயே இருந்தது. முதல் பலகையைத் தாண்டித் தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. டியூப்பைத் தூக்கி அதன் வாயில் உள்ளங்கையை வைத்தாள். இழுத்தது.

கீழே லைனிலிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டதாம்.

"பொய் சொல்லக்கூடாது மரியா," என்று பின்னால் ஒரு நாள் என்னிடம் சொன்னாள், அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை! "ஒரு மூச்சு நேரம் நான் அங்கேயே நின்னுட்டேன். பக்கெட்டு காலி, மரத்துக்கு ஊத்திட்டேன்னு சொன்னா முடிஞ்சுது. நெறமில்ல, வாசமில்ல, யாருக்குத் தெரியும்னு நெனைச்சேன். சொன்னா ஊடு போயிரும்னு நெனைச்சேன்." அப்போதுதான் அவளுக்குப் பக்கத்து ஊரான தலைச்சோலையில் முந்தின வருஷம் யூரியாத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கால் விறைத்துச் செத்த பசு ஞாபகம் வந்திருக்கிறது. அதற்குப் பின்னாலேயே ராசம்மாளின் பேரன் ஞாபகம் வந்திருக்கிறது. மூன்று மாதக் குழந்தை. தாய்க்குப் பால் சுரக்கவில்லை, டப்பா மாவுதான் கரைத்துக் கொடுத்தார்கள்.

ஜீப் ரோட்டில் வந்தால் சுற்று. அவள் காப்பிச் செடிகளுக்குள் புகுந்து, சரிவில் பாதி நடந்தும் பாதி உட்கார்ந்தபடியே சறுக்கியும் இறங்கினாள். நாங்கள் பார்த்தபோது சேலை கிழிந்து, முழங்காலில் ரத்தம்.

"தண்ணி புடிக்காதீங்க! புடிச்சதைக் கொட்டுங்க! உரம் கலந்துருச்சு!"

குழாயடி முழுவதும் சிரித்தது. நானும்தான்.

"ஏனுங்க சென்னக்கா, பாம்பு இன்னைக்குத் திருவிழாவுக்குப் போயிருச்சுங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

சென்னம்மாள் நேராக வந்து என் குடத்தை எட்டி உதைத்தாள். அடுத்த குடத்தை இரண்டு கையாலும் கவிழ்த்தாள். தண்ணீர் வரும் பைப்பின் வாயில் முந்தானையைத் திணித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. கோடைத் தண்ணீரைக் கவிழ்ப்பது என்பது எங்கள் லைனில் ஆளை அடிப்பதைவிடப் பெரிய குற்றம். ராசம்மாள் பாய்ந்து அவள் கொண்டையைப் பிடித்தாள். அன்று வரிசையில் முதல் ஆள் ராசம்மாள்தான். முதல் குடத்தில் பாதியை ஆட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு, மீதியை மருமகளிடம் உள்ளே கொடுத்தனுப்பிவிட்டு, இரண்டாம் குடத்துக்கு வந்திருந்தாள்.

"எம்மவன் கலியாணத்தன்னைக்கும் இதையேதாண்டி சொன்னே!"

"அன்னைக்குச் சொன்னது பொய்யிடி! இது நெசம்!"

எல்லோரும் மறுபடியும் சிரித்தார்கள். அவள் நிஜத்தைச் சொல்லச் சொல்ல எங்களுக்கு அது அவளுடைய இன்னொரு வித்தையாகத்தான் தெரிந்தது.

"மொதக் குடம் எங்கடி?" என்று கேட்டாள் சென்னம்மாள். தலை பின்னால் வளைந்திருந்தது. "மொதக் குடத்துத் தண்ணி எங்க?"

"ஏன், அதையும் கொட்டோணுமா? புள்ளைக்குப் பால் கரைக்க அடுப்புல ஏத்தியாச்சு. போ, போயிக் கவுத்து."

"கொதிச்சாப் போவாதுடி அது! உப்புக் கொதிச்சாப் போவுமா?"

உள்ளே குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. சென்னம்மாள் வாசலை நோக்கித் திமிறினாள். ராசம்மாள் விடவில்லை. முதுகில் ஒன்று வைத்தாள், சத்தம் எனக்குக் கேட்டது. திருப்பி அடிக்கக்கூடியவள்தான் சென்னம்மாள். அன்றைக்குக் கை ஓங்கவில்லை.

குழந்தையின் அழுகை பட்டென்று நின்றது.

பாட்டிலை வாயில் வைத்துவிட்டார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சென்னம்மாள் அப்படியே கீழே சரிந்தாள். ராசம்மாளின் கையில் ஒரு கொத்து மயிர் நின்றது. சென்னம்மாள் மலை உச்சி இருந்த பக்கம் திரும்பி, ஈர மண்ணில் கையை வைத்தாள்.

"சேர்வராயன் மேல சத்தியம். நாந்தான் ஓஸை மடிச்சுக் கல்லு வெச்சுட்டுப் போனேன். டியூப்பு பக்கெட்டுலயே இருந்துச்சு. அத்தனை உரமும் உங்க தண்ணியில வந்துருச்சு. சேர்வராயன் மேல சத்தியம், ராசம்மா."

நான் அந்தக் கணத்தில் ராசம்மாளின் முகத்தைப் பார்த்தேன். கோபம் அப்படியே இருக்க, ரத்தம் மட்டும் வடிந்துபோனது. திரும்பி வீட்டுக்குள் ஓடினாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். மருமகள் பாலை டம்ளரில் ஊற்றி ஆறவைத்திருந்தாள். அழுகையை நிறுத்த சுண்டு விரலைக் குழந்தையின் வாயில் கொடுத்திருந்தாள். ராசம்மாள் டம்ளரைத் தட்டிவிட்ட வேகத்தில் பால் கூரைவரைக்கும் தெறித்தது. அப்புறம் பிள்ளையைத் தூக்கி வாயை மோந்து பார்த்தாள், நாக்கை நீட்டிப் பார்த்தாள், மறுபடியும் மோந்தாள். நிச்சயமான பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு வாய்விட்டு அழுதாள்.

அதற்குள் வாசலில் ஆடு தள்ளாட ஆரம்பித்திருந்தது. வயிறு உப்பி, வாயில் நுரை. விஷத்தை முறிக்கப் புளியைக் கரைத்துக்கொண்டு சென்னம்மாள்தான் ஓடிவந்தாள். ராசம்மாள் ஆட்டின் வாயைத் திறந்து பிடிக்க, இவள் ஊற்றினாள். பேச்சில்லாத இரண்டு பேர், ஒரு ஆட்டின் மேல் குனிந்துகொண்டு. ஆடு பிழைக்கவில்லை.

திருவிழா மேளம் மலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தபோது தேவகுமாரி அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார்கள். லைனில் ஏதோ கலாட்டா என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கவிழ்ந்த குடங்களையும் செத்த ஆட்டையும் பார்த்தார்கள்.

"என்ன நடந்தது?"

சென்னம்மாள் எழுந்து நிற்க முயன்றாள், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதற்குள் ராசம்மாள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. தண்ணியில செத்த பாம்பு கெடந்துச்சுங்க. அதான் எல்லாத்தையும் கொட்டிட்டோமுங்க. ஆடு அதைக் குடிச்சுப்போட்டு..."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. செத்தது அவள் ஆடு. தப்பியது அவள் பேரன். அவள் சொல்கிறாள், செத்த பாம்பு என்று!

அம்மா இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எங்களை எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரியும். சென்னம்மாளின் கிழிந்த சேலையைப் பார்த்தார்கள், ராசம்மாளைப் பார்த்தார்கள்.

"சரி. அப்போ சேர்வராயன் மேல சத்தியம் பண்ணிச் சொல்லு."

ராசம்மாள் உதட்டைக் கடித்தாள். அப்புறம், கடவுளே, அவள் கை மெதுவாக உயர்ந்தது. வைத்த கண் வாங்காமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டே அதைப் பேரனின் தலைப்பக்கம் கொண்டுபோனாள்.

தரையில் உட்கார்ந்திருந்த சென்னம்மாள் எட்டி அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாம் ராசம்மா. பச்சப்புள்ள." அம்மாவின் பக்கம் திரும்பினாள். "பாம்புமில்ல, ஒண்ணுமில்லீங்க. டியூப்பை எடுக்காமப் போனது நாந்தானுங்க."

அம்மா கெட்டவர்கள் இல்லை. முதல் கேள்வியாகக் குழந்தைகள் யாராவது குடித்தார்களா என்றுதான் கேட்டார்கள். இல்லை என்றோம். அதன் பிறகு சொன்னார்கள்: "நாளையிலிருந்து நீ செடிப்பக்கம் வர வேண்டாம். காட்டு வேலைக்கு முடிஞ்சால் பேர் இருக்கும். முடியலேன்னா நான் ஒண்ணும் செய்யறதுக்கில்லை." குடிக்கிற தண்ணீர்க் குழாயில் உரம் உறிஞ்சும் சாமானை மாட்டச் சொன்னது யார் என்று லைனே முணுமுணுத்தது. எஸ்டேட்டில் முணுமுணுப்புக்குக் காது கிடையாது. பித்தளைச் சாமானை மட்டும் அன்று சாயங்காலமே கழற்றிவிட்டார்கள்.

மறுநாள் களைவெட்டு. சென்னம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள். ஆளுக்கொரு வரிசை. அவளுக்கு விழுந்தது செங்குத்துச் சரிவு. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ராசம்மாள் தனக்கு விழுந்த சமதள வரிசையை விட்டுவிட்டு அந்தச் சரிவில் ஏறிப்போனாள். அதற்கடுத்த நாள் அந்தச் சரிவு என்னுடையது. அப்புறம் முறை வைத்துக்கொண்டோம். வேலைக் கணக்கு எழுதுகிற ரைட்டர் பார்த்தார், பார்க்காத மாதிரி காட்டிலிருந்த பெரிய ஆரஞ்சு மரத்தடியில் பீடி பற்றவைத்தார். அவளுடைய பெயர் கணக்கில் இருந்தது, ஊடும் இருந்தது.

ஆனால் குழாயடிக்கு மட்டும் அவள் வருவதில்லை. எல்லோரும் பிடித்துப் போன பிறகு, இருட்டிக்கொண்டு வரும்போது, தனியாக வந்து அடிமண்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போவாள். யாரிடமும் பேச்சில்லை. அந்த வாய் அடைந்துபோனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சண்டைக்காவது வா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை.

மழை பிந்திய அந்த வருஷம், ஒரு காலை, குழாயில் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. வரிசை ராசம்மாள் வீட்டு வாசல்வரை நீண்டிருந்தது. மேட்டின் மேல் சென்னம்மாள் தெரிந்தாள், இடுப்பில் குடம், காலை இழுத்து இழுத்து வந்தாள். வரிசையின் நீளத்தைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு அந்தப் பழைய குரல் வந்தது.

"ஐயோ, யாரும் புடிக்காதீங்க! தொட்டியில செத்த பாம்பு கெடக்குது!"

ஒருத்தியும் சிரிக்கவில்லை. முதல் ஆளாக நின்றிருந்த ராசம்மாள், நிரம்பாத தன் குடத்தைக் குழாயடியிலிருந்து எடுத்தாள்.

"பாம்பு கெடக்குதாமா, தள்ளி நில்லுங்க எல்லாரும்" என்றாள்.

நாங்கள் எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றோம். சென்னம்மாள் வந்து தன் குடத்தை வைத்து, அது நிரம்புகிறவரைக்கும் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.